இளங்கொடி விழுமுன் குடித்த பால்

எங்கள் சிவத்தப் பசு தலைக்கன்று போட்டது. கன்று நாகு, பெண் கன்று! அதுவரை எங்கள் பட்டியில் பிறந்ததெல்லாம் நாம்பன்கள். ஒரு நாகு வேண்டுமென்று வெருகல் முருகனுக்கு நேர்ந்திருந்தேன். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

ஆனால் கன்று எழும்பவில்லை. தாய் நக்கி நக்கிப் பார்த்தது. வெயில் வேலிக்கு மேலே ஏறியும் கன்று நடுங்கிக்கொண்டு கிடந்தது.

பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், என் கணவரின் தமக்கை, சட்டியோடு வந்துவிட்டார். முதற்பாலில் கடும்பு என்னும் இனிப்பைக் காய்ச்சி அயலுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கன்றுக்குப் பின்னால் வரும் இளங்கொடி விழும்வரை கன்றைப் பாலில் விடாததும் வழக்கம்தான்.

“கொடி விழேல்லை. பாலில விட்டால் உள்ளுக்க நிண்டிடும். பொறடி” என்றார். மூத்தவர். நான் அவரோடு எதிர்க்கதை கதைத்தது கிடையாது. பொறுத்தேன்.

கிண்ணியாவிலிருந்து பால் எடுக்க வரும் தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கன்றைக் கண்டதும் மாட்டு டாக்குத்தருக்கு அடித்து, போனை என்னிடம் நீட்டினார்.

“எனக்கு ஏலாது தம்பி, நீங்களே கதையுங்கோ.”

“மாடு உங்கட மாடுதானே அம்மா. டாக்குத்தரம்மா கடிக்கமாட்டா, கதைங்க.”

இளம் பெண்ணின் குரல். “அம்மா, கண்டின்ர வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்கோ. சூடா, குளிரா?”

கிணற்றுத் தண்ணீர்போல இருந்தது. “குளிருது பிள்ளை. விரலைச் சூப்பவும் இல்லை.”

“சாக்கால நல்லாத் தேயுங்கோ. சூப்பத் தொடங்கினதும் முதற்பாலைப் பருக்குங்கோ. தலையை நிமித்தி ஊத்தாதேங்கோ, புரையேறும்.”

“இளங்கொடி இன்னும் விழேல்லையே...”

“அதுக்காக நிக்காதேங்கோ அம்மா. அந்தப் பால்தான் கண்டுக்கு மருந்து. பிந்தினாச் செத்துப்போகும். நான் வெளிக்கிட்டு வாறன்.”

என் கூச்சம் எங்கே போனதோ தெரியாது. மச்சாளின் சட்டியைப் பறித்தேன்.

“எடி, என்ர சட்டி!”

“கண்டு குடிச்ச மிச்சம்தான் கடும்பு! சாக்கை எடுத்துத் தேயுங்கோ மச்சாள்!”

மூத்தவரை நான் ஏவியது அதுதான் முதல் தடவை. முணுமுணுத்தபடியே தேய்த்தார்.

கறக்கக் கறக்கப் பால் மஞ்சளாய்த் தடித்து இறங்கியது. பேரப்பிள்ளையின் சூப்பிப் போத்தலில் அதை விட்டு, சூப்பியின் துளையை ஊசியால் பெரிதாக்கினேன். கன்றின் வாயில் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. மச்சாள் இன்னும் அழுத்தித் தேய்த்தார். மறுபடி வைத்தேன். நாக்கு சுருண்டது. இழுத்தது!

“சூப்புது மச்சாள்! சூப்புது!” என் குரல் றோட்டுவரை கேட்டிருக்கும்.

ஒரு போத்தல் முடிந்தது. இன்னொன்றும் முடிந்தது. கன்று பின்னங்கால்களை ஊன்றி எழும்பி விழுந்தது. தம்பி வயிற்றுக்குக் கீழே கை கொடுத்தார். நின்றது! தள்ளாடிப் போய்த் தாயின் மடியில் ஒரு முட்டு முட்டி, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. பிறகு வாலைத் தூக்கி, முதற் சாணியைப் பிசின்போல மஞ்சளாய், பின்னால் நின்ற மச்சாளின் சேலையில் விட்டது.

“வயிறு வேலை செய்யுது, இனிப் பிழைச்சிரும்!” என்று தம்பி கைதட்டினார். நான் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

“சிரி, சிரி” என்றார் மச்சாள். “என்ர சீலையில எண்டாலும் போச்சுதே, அது போதும்!”