கூட்டியும் கழித்தும் போன நாட்கள்

எங்கள் அண்ணன் ஆம்பூரில் பிறந்தார். தோல் மண்டியில் எடை போட்ட தந்தையாரின் உழைப்பால் வேலூரில் படித்து, சொந்த ஊரிலேயே கணக்காசிரியர் ஆனார். தந்தையாருக்குப் பின் என்னைப் படிக்கவைத்து மணம் முடித்துக் கொடுத்தவரும் அவரே. கோபம் அறியாதவர் என்று எழுத நினைத்தேன். அது முழு உண்மை அன்று. வழியைச் சொல்லாமல் விடையை மட்டும் சொல்லும் மாணவரிடம் கோபப்படுவார்.

அவருக்கு விருப்பமான கணக்கு ஒன்று உண்டு. ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் கழி, மறுபடி கூட்டு, கழி என்று முடிவின்றிச் செல்லும் தொடர். இரண்டிரண்டாகச் சேர்த்தால் பூஜ்யம். முதல் ஒன்றைத் தனியே நிறுத்திவிட்டு மற்றவற்றை அப்படிச் சேர்த்தால் ஒன்று. படிப்படியாக வரும் கூட்டுத்தொகைகளுக்குச் சராசரி எடுத்தால் அரை. பாடப்புத்தகமோ விடையே இல்லை என்னும்.

சென்ற ஆண்டு நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் கண்டு அவர் படுத்தபோது, அண்ணிக்குத் துணையாகக் கைக்குழந்தையுடன் வந்திருந்தேன். ஒருநாள் தேறுவார், மறுநாள் தளர்வார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். தேறிய நாளில் சித்தப்பா, “கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தானே பேசறான்? எதுக்கு அலைக்கழிக்கிறீங்க?” என்பார். தளர்ந்த நாளில் அத்தை, “இன்னா பொண்ணும்மா நீ, இந்த நெலமையில ரயில் ஏத்தினா தாங்குவானா?” என்பார். இரண்டும் அந்தந்த நாளுக்குச் சரியாகவே இருந்தன. அண்ணன் படுத்த இடத்திலேயே இருந்தார்.

தளர்ந்த நாளொன்றில் அவரிடமே கேட்டேன். “சராசரி எடுத்தா பாதி தேறிட்டீங்கன்னு வெச்சுக்கலாமா அண்ணா?”

“அது முடிவில்லாத தொடருக்கும்மா. நான் அப்படியா?” சிரிப்பு இருமலாயிற்று. “முடியற தொடருக்கு முறை இன்னாத்துக்கு? வரிசையா கூட்டிக்கினே போவ வேண்டியதுதான். இன்னும் நாலு நாள் சேருதான்னு பார்க்கலாம். வண்டி கட்டச் சொல்லு.”

அடுத்த மழைக்காலம் வரை வேலூரில் இருந்தார். பிறகு எங்களை விட்டுப் பிரிந்தார். முன்பே வேலூருக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று ஒருநாள் தோன்றுகிறது. முன்பே போயிருந்தால் வழியிலேயே ஏதாவது ஆகியிருக்குமோ என்று மறுநாள் தோன்றுகிறது.

வண்டி குலுங்காதபடி மாட்டைப் பிடித்துக்கொண்டு ஆம்பூர் ஸ்டேஷன் வரை நடந்த சித்தப்பாவுக்கும், காட்பாடி வரை அவர் தலையை மடியில் தாங்கிய அத்தைக்கும், ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அங்கே அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துத்தான் என் மகன் நடக்கப் பழகினான். அந்த நாட்களுக்கு நான் சராசரி எடுப்பதில்லை, வரிசையாகக் கூட்டிக்கொள்கிறேன்.