எண்பத்தைந்தாவது பாட்டு

இது நடந்தது பட்டப்பகலில். பேய் என்றால் நள்ளிரவில்தான் வரவேண்டும், நாய் ஊளையிட வேண்டும், மின்சாரம் போகவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு அப்படி எந்த ஏற்பாடும் செய்து தரப்படவில்லை. விளக்கு எரிந்தது, ஏசி ஓடியது, நான் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்திருந்தேன். மதியம் மணி 3.12. ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்வது என் தொழில். ஜன்னல் இல்லாத அறை, இரட்டைக் கதவு, சுவர் முழுக்கப் பஞ்சு. வெளியே உலகமே அழிந்தாலும், டீ வராமல் போனால்தான் எனக்குத் தெரியவரும்.

போன வருடம் ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு கடற்கரைப் பாடகரின் நாற்பத்தொரு வருடப் பாட்டுகளை ஒரே பெட்டியில் அடைத்து விற்பது. ரசிகர்கள் அவரை ‘ஈஸிசேர்’ என்பார்கள். கடலோரம் ஒரு வீடு, மடியில் கிதார், காதோடு ரகசியம் சொல்வது போன்ற குரல். பாட்டும் அவரே, மெட்டும் அவரே. அவசரம் என்பதே அறியாத மனிதர். நாற்பத்தொரு வருடத்தில் பாடியது மொத்தம் எண்பத்து நான்கு பாட்டு. ‘சந்தைக்குத் தலைவணங்காத நிதானம்’ என்று எழுதியிருந்தார், பெட்டிக்கென்றே நூற்றிருபது பக்கப் புத்தகம் எழுதிய விமர்சகர். ஈஸிசேர் ஒரு பாட்டின் நடுவே தொண்டையைச் செருமியதற்கு மட்டும் அதில் ஒன்றரைப் பக்கம். அந்தச் செருமலில் அவருக்குக் கடலின் மௌனம் கேட்டதாம். எனக்குக் கேட்டது சளிதான்.

பெட்டியைத் தயாரித்தவருக்கு எங்கள் வட்டாரத்தில் ‘இடி’ என்று பெயர். அவர் வாசலில் “வணக்கம்” என்றால் உள்ளே என் டீ டம்ளர் அதிரும். என்னை ‘டாக்டரே’ என்பார். நாடாக்கள் ‘பேஷண்ட்’. கரையில் ஒதுங்கிய படகு மரத்தில் செய்த பெட்டி என்று விளம்பரம் கொடுத்திருந்தார். செய்தது கட்டில் கடைக்காரர். உள்ளே ஒரு குப்பியில் கடல் மணல் வேறு. அது இடி கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் லாரியில் வந்து இறங்கிய மணல்.

பாட்டுகளைக் கருப்பொருள் வாரியாகப் பிரித்திருந்தார்கள். அலை, மழை, தோணி, உப்பு, காத்திருப்பு, கரை. ஆறு இசைத்தட்டுகள். ஆனால் என்னால் அந்த வரிசையில் வேலை செய்ய முடியாது. ஒரே காலத்து நாடாக்களில் இரைச்சல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால் வருட வரிசைப்படி எடுத்துக்கொண்டேன்.

அப்படி எடுத்திருக்கக் கூடாது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இரைச்சலை நீக்கிய பிறகு, நீக்கியதை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்போம். துணி துவைத்த தண்ணீரைப் பார்ப்பது மாதிரி. சாயம் போயிருந்தால், அதாவது அழுக்கோடு சேர்ந்து குரலும் போயிருந்தால், அதில் தெரிந்துவிடும்.

முதல் வருடத்தின் முதல் பாட்டு. 3.12. நீக்கியதை மட்டும் போட்டேன். உஸ்ஸ்ஸ் என்று இரைச்சல். நடுவில் ஒரு தடவை...

சப்.

ஈரக்கால் தரையில் பட்ட சத்தம். எங்கோ தூரத்தில். யாரோ குளித்துவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டிலும் ஒன்று. மூன்றாவதிலும் ஒன்று. முதலாவது படகுக் கொட்டகையில் பதிவானது. இரண்டாவது ஒரு விடுதி அறையில். மூன்றாவது, கம்பளம் விரித்த பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில். கம்பளத்தின் மேல் ‘சப்’ என்று எப்படிக் கேட்கும்?

ஒரு பாட்டுக்கு ஒரு அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தாவது வருடத்தில் சத்தம் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. இருபதாவது வருடத்தில் இன்னும் கிட்டே. சத்தம் நெருங்க நெருங்க ஈஸிசேரின் குரல் தணிந்துகொண்டே போனது. விமர்சகர் அதை ‘வயது தந்த சாந்தம்’ என்று எழுதியிருந்தார்.

எல்லாப் பாட்டையும் துவைத்து முடிக்க மூன்று வாரம் ஆனது. நீக்கியதை மட்டும் சேர்த்து ஒரே கோப்பாக்கி, ‘வேண்டாதது’ என்று பெயர் வைத்தேன். கடைசி நாள் மாலை 5.05-க்கு அதை முதலிலிருந்து கேட்டேன்.

எண்பத்து மூன்றாவது அடி, அவருடைய நாற்காலிக்குப் பின்னால்.

எண்பத்து நான்காவது... ஒலிவாங்கிக்குப் பக்கத்தில்.

நான் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை 11.40-க்கு ஈஸிசேர் வந்தார். கடைசித் தட்டுக்குப் புதிதாக ஒரு பாட்டு வேண்டும் என்று இடி பிடிவாதம் பிடித்திருந்தார். எண்பத்தைந்து பாட்டு என்று பெட்டியின் மேல் அச்சடித்தே விட்டார்கள். என் அறையை ஒட்டி ஒரு சின்னப் பாடும் அறை உண்டு; ஈஸிசேர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதில் உட்கார்ந்து கிதாருக்குச் சுருதி சேர்த்தார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க பாடறப்ப கூட யாராவது நடப்பாங்களா?”

கை நின்றது.

“உங்களுக்குக் கேக்குதா?”

“கேட்டுச்சு சார்.”

“வேற யாராவது கேட்டாங்களா?”

“நான் மட்டும்தான்.”

“யாருக்கும் போட்டுக் காட்டிடாதீங்க தம்பி.” நாற்காலிக்குப் பின்னால் திரும்பித் தரையைப் பார்த்தார். “பாட்டுக்கு ஒரு அடி. சத்தமாப் பாடினா எட்டி வைக்குது. மெதுவாப் பாடினா சின்னதா வைக்குது. அதான்...”

நாற்பத்தொரு வருட நிதானம் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நூற்றிருபது பக்கம் எழுதியவருக்கு விளங்காதது. அது சாந்தம் இல்லை. பயம். அந்த மனிதர் நாற்பத்தொரு வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடியிருக்கிறார். ஊரே அதைக் கேட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருக்கிறது.

“இன்னும் ஒரு பாட்டுதான் தூரம். இன்னிக்கு வேணாம்னு தயாரிப்பாளர்கிட்ட சொல்லிடுங்களேன்.”

வெளியே இடியின் குரல் இரட்டைக் கதவையும் தாண்டி வந்தது. “டாக்டரே! பேஷண்ட் ரெடியா? அச்சகத்துல உயிரை எடுக்கறானுங்க!”

அப்போது நான் சொன்னதை என் கையாலேயே இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

“சார், எண்பத்து நாலுலயும் அதைக் கழுவி எடுத்துட்டேன். இப்ப ஒண்ணுலகூட இல்ல.”

“இல்லையா? போடுங்க பார்ப்போம்.”

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். உண்மையிலேயே இல்லை.

“அப்ப... போயிருக்குமோ தம்பி?”

“போயிருக்கும் சார்.”

12.26-க்குப் பாட ஆரம்பித்தார். முதலில் வழக்கமான கிசுகிசுப்பு. இரண்டாவது சரணத்தில் குரலை மெல்ல விட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு திறந்து பாடினார். அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது என்று யாருக்குமே தெரியாது. நான்கு நிமிடம் ஒன்பது விநாடி.

உடனே துவைத்துப் பார்த்தேன். நேரம் இல்லை. அதனால் காலடிச் சத்தம் வரும் தாழ்ந்த ஒலிப் பகுதியை மட்டும் பிரித்துக் கேட்டேன். ஒரு அடிகூட இல்லை.

“சுத்தம் சார்.”

அழுதார். பிறகு சிரித்தார். “வீட்டுக்குப் போய் வாய்விட்டுப் பாடப்போறேன், பாருங்க.”

இடிக்குத்தான் திருப்தி இல்லை. “என்னங்க இது, சந்தையில கூவற மாதிரி இருக்கு? நம்ம ஈஸிசேர் எங்க போனாரு?” என்று முணுமுணுத்தார். இடியின் முணுமுணுப்பு, தெருவுக்கே கேட்டது.

1.30-க்கு ஈஸிசேர் கிளம்பினார்.

4.50-க்கு அந்தப் பாட்டை நிதானமாக எடுத்தேன். இம்முறை நீக்கிய முழுவதையும் கேட்டேன்.

காலடி இல்லை.

மூச்சு இருந்தது.

அவருடையது இல்லை. அவர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருந்த இடத்தில், உள்ளே இழுத்த மூச்சு. பாடுகிறவனால் அங்கே மூச்சை இழுக்க முடியாது.

வந்து சேர்ந்துவிட்ட பிறகு எதற்கு நடக்க வேண்டும்?

4.58-க்கு அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. 5.03. 5.10. 5.11.

யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டம்மாள்தான் பார்த்திருக்கிறார். ஈஸிசேரிலேயே சாய்ந்தபடி போயிருந்தார். மாரடைப்பு என்றார்கள். ‘வாழ்ந்தது போலவே நிதானமாக விடைபெற்றார்’ என்று விமர்சகர் எழுதினார். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டதாக அந்த அம்மாள் சொன்னார்.

“ரெண்டு பேரும் நல்லாத்தாங்க பாடினாங்க” என்றார்.

தரையில் ஈரக்கால் தடம் இருந்ததாம். நாற்காலியிலிருந்து வாசலுக்கு. வந்த தடம் இல்லை. போன தடம் மட்டும்.

இரண்டு வாரம் கழித்து, என் மனைவிக்குக் கைபேசியில் குரல் செய்தி அனுப்பினேன். ‘வர லேட்டாகும், சாப்பிட்டுடு.’ அவ்வளவுதான். என்னவோ தோன்றி, அதைத் துவைத்துப் பார்த்தேன்.

ஒரு அடி. தூரத்தில்.

பெட்டி வெளிவந்தது. ஆள் இறந்ததால், செய்திருந்த மூவாயிரம் பெட்டிகளும் ஒரே வாரத்தில் தீர்ந்தன. எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தார்கள். திறந்து எண்ணினேன்.

நான் செய்து கொடுத்தது ஆறு தட்டு.

பெட்டியில் ஏழு இருந்தன.

ஏழாவதன் பெயர் ‘கரையோர அமைதி’. வேலை முடிந்ததும் நான் திருப்பிக் கொடுத்த கோப்புகளில் ‘வேண்டாதது’ம் இருந்திருக்கிறது. இலவச இணைப்பாக இருக்கட்டும் என்று இடி அதைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டார். எண்பத்து நான்கு அடியும், வருட வரிசையில். விமர்சகர் மூன்று பக்கம் சேர்த்திருந்தார். ‘கண்ணை மூடி, தனியாக, கடைசிவரை கேளுங்கள்.’

இடியை அழைத்தேன். நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல் கேட்க வேண்டும் என்று இருந்தது.

எடுத்தார். பேச்சே இல்லை. தப்பான எண்ணோ என்று நினைத்தேன்.

“மெதுவா டாக்டரே...” காற்று பேசுவது மாதிரி இருந்தது. “நேத்துதான் போட்டுக் கேட்டேன். மாடிப்படி வரைக்கும் வந்துடுச்சு...”

நான் மெதுவாகத்தான் பேசினேன். ஒரு மாதமாக நான் அப்படித்தான் பேசுகிறேன்.

அந்தப் பெட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஏழாவது தட்டைப் போடாதீர்கள். இதற்காகத்தான் எழுதினேன். ஏற்கெனவே கேட்டிருந்தால், என்னிடம் மருந்து கிடையாது. அவருக்கு நாற்பத்தொரு வருடம் கிடைத்தது. அவர் அதிகம் பாடவில்லை. நமக்கோ தினமும் பேச வேண்டியிருக்கிறது.

காலையில்கூட என் மனைவி சொன்னாள்.

“இப்பதாங்க உங்களுக்கு ஒரு நிதானம் வந்திருக்கு.”

தலையை மட்டும் ஆட்டினேன்.