கறுப்புத் தண்டுக்கு வெள்ளிப் பூச்சு

கோல்ஃப் மட்டையில் ஸ்டீல் தண்டைத் தவிர வேறு எதையும் தொடுகிறவன் ஆண்பிள்ளையே இல்லை என்பது டெல்மர் ஹாஃப்டனின் தீர்மானம். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், வருஷத்தில் பாதி நாள் வெள்ளையாய்க் கிடக்கிற ஊரில், முப்பது குளிர்காலம் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அத்தனை பெரிய லாரியை அடக்கிய கைக்கு இத்தனூண்டு பந்து எம்மாத்திரம் என்று தானே கேட்டுத் தானே சிரித்துக்கொள்வார். தள்ளியதெல்லாம் என்ஜின், இவர் செய்தது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காபி குடித்ததுதான். அதை அவரிடம் சொல்ல ஊரில் ஆளில்லை.

ஸ்டீல் தண்டு கனமானது, விறைப்பானது. வேகமாக வீசுகிறவனுக்கு அது சொன்னபடி கேட்கும். வயதாகி வீச்சு தளர்ந்தால் கிராஃபைட் என்கிற கறுப்புத் தண்டுக்கு மாறுவார்கள். அது லேசு, கொஞ்சம் வளைந்து கொடுத்து, தூக்கி அடிக்க உதவும், கையையும் உலுக்காது. ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் டெல்மருக்கும் தெரியும். அது மற்றவர்களுக்கு என்று நினைத்தார், அவ்வளவுதான்.

ஊர் கோல்ஃப் கிளப்பில் புதன்கிழமை சாயங்காலம் நடக்கும் லீக் போட்டியில் இரண்டிரண்டு பேராக ஆட வேண்டும். டெல்மரின் ஜோடி, குழாய் வேலைக்காரர் வெர்ன் சோப்சாக். இருபது வருஷமாக அதே ஜோடி. போன வருஷம் தோளில் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சொன்னபடி கிராஃபைட் மட்டைகளோடு வெர்ன் முதல் தடவை வந்து நின்றபோது, டெல்மர் கிளப் பார் முழுக்கக் கேட்கும்படி வரவேற்றார்.

"என்னடா வெர்ன், பொண்டாட்டி மட்டையைத் தூக்கிட்டு வந்துட்டே? அப்படியே அவ பாவாடையையும் கட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னும் சிரித்தார். டெல்மர் அந்த வெற்றியை வருஷம் முழுக்க வாரத்துக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பி அனுபவித்தார்.

அதே வருஷம் அவருடைய பந்து தாழ்வாகக் கிளம்பி, வலது பக்கம் நழுவி, நாலாவது குழிக்கு முன்னாலிருக்கும் குளத்தில் தவறாமல் விழ ஆரம்பித்தது. காற்று சரியில்லை என்றார். பந்து மட்டம் என்றார். புல் வெட்டுகிறவனைக்கூட விடவில்லை. வீட்டில், வலிக்கிற முழங்கையில் ஐஸ் ஒத்தடத்துக்கு உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் மறைத்துக்கொள்வார். மனைவி லாவோன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். பேசினால் யார் கேட்டுக்கொண்டிருப்பது?

இந்த ஏப்ரலில், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் பாரில் கூடியிருந்தபோது வெர்ன் மெதுவாக ஆரம்பித்தார். "டெல்மர், இந்த வருஷம் வேற யார்கூடயாவது ஆடலாமான்னு பாக்குறேன்."

டெல்மர் கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தார். லீக்கில் மீதி அத்தனை பேரையும் ஒவ்வொருவராக வாயாலேயே விரட்டியாகிவிட்டது. வெர்னை விட்டால் ஆளே கிடையாது. பயந்துவிட்டார். ஆனால் பயந்தவர் வாயை மூடவில்லை.

"குளத்தைத் தாண்டலைன்னுதானே சொல்றே? முதல் புதன்கிழமை வந்து பாருடா. அப்புறம் பேசு."

"அது இல்லைடா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பாத்துட்டுப் பேசுன்னேன்ல!"

மறுநாளே, தெரிந்தவர் கண்ணில் படாதபடி, ரொம்ப தூரத்தில் இருந்த கடைக்குக் காரை விட்டார். அங்கிருந்த பெண் வலையைப் பார்த்து அடிக்கச் சொன்னாள். வேகத்தைக் காட்டும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க வீச்சுக்கு இந்த ஸ்டீல் ஒத்து வராதுங்க. இதை அடிச்சுப் பாருங்க" என்று கறுப்புத் தண்டு போட்ட மட்டை ஒன்றை நீட்டினாள்.

"எனக்கு இல்லம்மா, என் மச்சானுக்குத்தான் பாக்குறேன்."

"சரிங்க. மச்சானுக்காக அடிங்க."

அடித்தார். பந்து ஜிவ்வென்று ஏறியது. முழங்கையில் வலி சுத்தமாக இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் டெல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதன் என்றால் அங்கேயே திருந்தியிருப்பான். இவர் முழு செட்டையும் வாங்கி, வழியில் ஒரு டப்பா வெள்ளி ஸ்ப்ரே பெயிண்டும் வாங்கினார். குளிரடிக்கிற கராஜில் உட்கார்ந்து, ஒவ்வொரு தண்டாக, ஸ்டீல் மாதிரி பளபளவென்று பூசி முடித்தார். அந்தக் குளிரில் பெயிண்ட் சரியாகக் காயாது என்பதை டப்பாவிலேயே போட்டிருந்தான். டெல்மர் எதைப் படித்தார், இதைப் படிக்க?

முதல் புதன்கிழமை வந்தது. நாலாவது குழியில் பந்து குளத்தைத் தாண்டி, குழியைச் சுற்றியிருக்கும் பச்சைத் தளத்தில் போய் உட்கார்ந்தது. எதிர் ஜோடியில் இருந்த ஸ்டான் பக்கம் திரும்பி, "பாத்தியா? இதுதான் ஸ்டீலு. நீ அந்தக் கிராஃபைட் குடைக்கம்பியை வெச்சுக்கிட்டு இரு" என்றார். என்ன ஜென்மமோ!

பந்தைக் குழிக்குள் தள்ளக் கடைசித் தட்டு தட்டப் போகும்போது, அதுவரை அடித்த மட்டையைப் புல்லோரம் போட்டுவிட்டுப் போவது டெல்மரின் வழக்கம். அதை எடுத்து வருவது வெர்னின் வழக்கம். இருபது வருஷமாக எடுத்தவர் அன்றைக்கும் குனிந்து, தண்டைப் பிடித்து எடுத்தார். கனமே இல்லை. உள்ளங்கை முழுக்க வெள்ளி.

மற்ற இருவரும் முன்னால் போகும்வரை காத்திருந்து, இருவரும் ஏறி வந்த கோல்ஃப் வண்டிக்குப் பின்னால் டெல்மரைக் கூப்பிட்டுக் கையை விரித்துக் காட்டினார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். குளத்துல பந்து விழுந்தா எனக்கு என்னடா? நான் விட்டுட்டுப் போக நெனைச்சது உன் வாயால. இனிமே மட்டையே பிடிக்க முடியாதோன்னு பயந்து பயந்து வந்தேன்டா அன்னைக்கு. நீ பாவாடைங்கற."

"நீயும்தானே சிரிச்சே?"

"அத்தனை பேர் முன்னாடி வேற என்ன பண்ணட்டும்? சரி, விடு. இப்ப உனக்கும் கை போச்சு, மாறிட்ட. அதுல ஒரு அசிங்கமும் இல்லை. 'ஆமா வெர்ன், மாறிட்டேன்'னு எங்கிட்ட மட்டும் சொல்லு. இந்த வருஷமும் நாமதான் ஜோடி."

டெல்மர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. வெர்னை இழக்க அவருக்கு மனமில்லை, அது நிஜம். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. அது தொண்டைவரை வந்ததும் நிஜம்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார். "அது ஸ்டீல்தான்."

வெர்ன் உள்ளங்கையைப் புல்லில் தேய்த்துத் துடைத்தார். வண்டியிலிருந்து தன் பையை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டானும் மற்றவரும் போன பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"டேய், வண்டி எதுக்குடா இருக்கு?" என்று டெல்மர் கத்தினார்.

வெர்ன் திரும்பிப் பார்க்கவில்லை.