மலையைப் பார்த்த ஆண்டெனா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "போய்யா, போய்ப் பொழப்பைப் பாரு" என்று விரட்டுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் ஆண்டெனா மாட்டிப் பிழைத்தவன், ஏறாத மொட்டை மாடி கிடையாது, ஒரு நிழலைக்கூடப் பார்த்ததில்லை. இதை மட்டும் நம்பினால் நம்புங்கள், சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

டிஷ் எல்லாம் வராத காலம். வத்திராயிருப்பிலிருந்து சுப்புத்தாய் அக்கா கடைக்கு வந்தார். கோபித்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போன ஒரே மகன் சேகர் மூன்று வருடமாக எட்டிப் பார்க்கவில்லையாம், நாளை சாயங்காலம் டிவி நாடகத்தில் வருகிறானாம். "டிவி நாளைக்கு வந்துரும், எதையாவது மாட்டுங்க தம்பி, எம் புள்ள மூஞ்சி தெரிஞ்சாப் போதும்" என்று அழுதுவிட்டார். மலையடி ஊரில் சின்ன ஆண்டெனா வெறும் புள்ளிதான் காட்டும். நீள ஆண்டெனா, சிக்னலைக் கூட்டுகிற பூஸ்டர், உயரமான பைப் என்று நானே பார்த்து எடுத்துவைத்தேன்.

மறுநாள் போனபோது அக்கா வாசலிலேயே நின்றார். "மாட்டிக்கிட்டு இருங்க தம்பி, இந்தா வந்துருதேன்" என்றார். டிவி வந்துவிட்டதா என்றுகூடக் கேட்காமல் வெளிப்படி வழியாக ஏறிவிட்டேன். ஆண்டெனாவை வடக்கே டிவி டவர் இருக்கிற கொடைக்கானல் பக்கம் திருப்பி, வழக்கம்போல "படம் வருதா?" என்று கத்தினேன். எங்கள் தொழிலில் திருப்புகிறவனுக்குக் கண் கிடையாது, டிவி முன்னால் இருப்பவர் சொல்வதுதான் கணக்கு.

"இல்லண்ணாச்சி, செத்த மேக்க திருப்புங்க" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல். திருப்பினேன். "இன்னும் செத்த." மேற்கே இருப்பது மலை, அட கூறுகெட்டவனே, மலையிலிருந்து என்னடா வரும் என்று எனக்கு எரிச்சல். "அந்தா வந்துட்டு! அங்கனயே முறுக்கிருங்க." முறுக்கிவிட்டு இறங்கினால் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

தெருமுனையில் அக்கா வருகிறார், பின்னால் தள்ளுவண்டியில் டிவி. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறது, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள யாருக்கா?"

"யாரு இருக்கா, நான் ஒத்தக்கட்டை."

ஆண்டெனாவை மறுபடி வடக்கே திருப்பலாம் என்றால் மாடிக்கு ஏறக் கால் வரவில்லை. வயரைச் சொருகி டிவியைப் போட்டோம், சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணாடி மாதிரி படம்.

சாயங்காலம் நாடகத்தில் சேகர் வந்தான், போஸ்ட்மேன் வேஷம், இரண்டே வரி வசனம். "எஞ்சாமி, எம்புட்டு மெலிஞ்சிட்டான்" என்று அக்கா திரையில் அவன் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார். மாடியில் நான் கேட்டது அவன் குரலேதான்.

செத்தவன் என்றால் ஆவி என்று சொல்லிவிட்டுப் போகலாம், இவனோ உயிரோடு மெட்ராஸில் இருந்தவன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இன்றுவரை விளங்கவில்லை. அந்த வாரமே அவன் ஊர் வந்து சேர்ந்துவிட்டான், இப்போது அங்கேதான் செல்போன் கடை வைத்திருக்கிறான். திடீரென்று என்னப்பா கிளம்பி வந்துவிட்டாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னமோ தெரியல அண்ணாச்சி. நாடகம் போட்ட அன்னைக்கு சாயங்காலம் அம்மா என் கன்னத்தத் தடவுன மாதிரி இருந்துச்சு. இருப்புக் கொள்ளல, பஸ் ஏறிட்டேன்."

அக்கா திரையைத் தடவியதை நான் அவனிடம் சொன்னதில்லை. அக்காவும் சொல்லவில்லையாம், கேட்டுவிட்டேன். அந்த ஆண்டெனா துருப்பிடித்து இன்னும் மலையைப் பார்த்துத்தான் நிற்கிறது, அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.