ஞாயிற்றுக்கிழமை திறந்த குழி

கில்ராவன் மடத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அட்ராக்டா பெர்னைப் பார்த்தாக வேண்டும். ஏரிக்கரையில் கூரையில்லாமல் நிற்கிற அந்தப் பழைய துறவியர் மடத்தின் இரும்புக் கதவில், "சாவி பெர்ன் வீட்டில்" என்று ஒரு தகரம் தொங்குகிறது. அதைப் படித்தவர்கள் சாணத்தை மிதித்துக்கொண்டு மேடேறி வந்து அவள் வீட்டைத் தட்டுவார்கள். வந்ததும் வராததுமாகச் சாவி கேட்டால் கிடைக்காது. மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று நாலு வார்த்தை. அதற்குப் பிறகுதான் அவள் கை ஆணியில் மாட்டிய சாவிக்குப் போகும்.

மடம் எந்த நூற்றாண்டில் கட்டியது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் மெனக்கெட்டதில்லை. வாசல் வளைவில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் கல் தலையைப் பற்றி மட்டும் கதை சொல்வாள். ஜெர்மானியர்களுக்கு அது விரத நாளில் பன்றிக்கறி தின்று மாட்டிக்கொண்ட மடாதிபதி. அமெரிக்கர்களுக்கு, அவர்கள் குடும்பப் பெயரைக் கேட்டுக்கொண்ட பிறகு, அவர்களுடைய முப்பாட்டன்.

"பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்பான் கணவன் யூஜீன்.

"அவ்வளவு தூரம் வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

பக்கத்து டவுனில் கசாப்புக் கடைக்காரர் மகளாகப் பிறந்தவள் அவள். பயப்படுவதற்கு யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருமுறை தொலைக்காட்சிக்காரர்கள் கல்லறைகளின் மேல் ஏறி நின்று படமெடுத்தபோது, அவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள். ஞாயிற்றுப் பூசையில் ஃபாதர் பிரசங்கத்தை நீட்டினால் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போடுவாள். அவரும் முடித்துவிடுவார்.

ஆனால் மடத்தின் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே அவள் குரல் எழும்பாது. அங்கே பெர்ன் குடும்பத்தார் படுத்திருக்கிறார்கள். அவர்கள் நடுவில் யூனா, அட்ராக்டாவுக்கும் யூஜீனுக்கும் பிறந்து மூன்றே வாரம் இருந்த மகள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. யூஜீன் கோடையில் அரிவாளோடு போய் அந்த ஒரு இடத்துப் புல்லை மட்டும் தானே அறுப்பான். "எனக்கு இவ பக்கத்துல. வேற எங்கயாவது போட்டீங்கன்னா எழுந்து நடந்து வந்துருவேன்" என்பான்.

சென்ற வசந்தத்தில் வளர்ச்சி அலுவலகம் மடத்தைக் கண்டுபிடித்தது. கார் நிறுத்த இடம், சரளைப் பாதை, டிக்கெட் கொடுக்க ஒரு மரக்குடில் என்று படம் போட்டுக் காட்டினார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒன்று கிடைப்பதாகப் பேச்சு. பேக்கி மெக்டெர்னனுக்குக் குடிலில் வேலை. இன்னொருவர் மகளுக்குத் தேநீர்க்கடை. இதோடு சேர்ந்து ஒரு உத்தரவும் வந்தது: மே மாதக் கடைசித் திங்கட்கிழமையிலிருந்து மடத்துக்குள் புதுக் குழி எதுவும் திறக்கக் கூடாது.

அலுவலகத்து இளைஞன் கோல்கன் நல்ல மரியாதைக்காரன். அவனே வந்து விளக்கினான். "புதுக் குழிக்குப் பக்கத்துல நின்னு யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, மிஸஸ் பெர்ன்."

"பிணத்துல பழசு என்ன தம்பி, புதுசு என்ன? வெயிட் பண்ணு, எல்லாம் பழசாயிடும்."

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலையில், கன்றுக்குட்டிக்குப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போன யூஜீன் கொட்டகை வாசலில் விழுந்து இறந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடு நிறைந்து கிடந்தது. முன்னறையில் யூஜீன், கல்யாணக் கோட்டில். சமையலறையில் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் சிரிப்பும். அவன் ஒரு காளையைச் சந்தைக்கு ஓட்டிப்போய் வேறொருவன் காளையோடு திரும்பிய கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். அடக்கம் மறுநாள். எங்கே என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

கோல்கனும் வந்தான். யூஜீன் கையைத் தொட்டு ஜெபித்துவிட்டு அட்ராக்டாவிடம் வந்தான்.

"டவுன்ல புதுக் கல்லறைத் தோட்டம் நல்லா இருக்கும், மிஸஸ் பெர்ன். இடத்துக்கு நானே சொல்லி வைக்கறேன். நாளைக்கு உத்தரவு அமலுக்கு வருது. என் கையில ஒண்ணும் இல்ல."

"என் மகளையும் தோண்டி டவுனுக்குக் கொண்டு போவியா?"

பேக்கிதான் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க கவலைப்படாதீங்க சார். நாளைக்குத் திங்கட்கிழமை. திங்கட்கிழமையில இந்த ஊர்ல எவனும் குழி திறக்க மாட்டான். ஆகாது."

கோல்கனின் முகம் தெளிந்தது. இன்னொரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டான், எல்லோர் கையையும் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினான். வழக்கத்தின் மிச்சத்தை யாரும் அவனிடம் சொல்லவில்லை. அடக்கம் திங்கட்கிழமை விழுந்தால், முந்தின நாளே போய் மண்ணைப் புரட்டிவிடுவார்கள். ஒரே ஒரு புரட்டு போதும். குழி ஞாயிற்றுக்கிழமை திறந்ததாகிவிடும்.

கார் சத்தம் மறைந்தது. ஆண்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். குழி வெட்டுவது அக்கம்பக்கத்தார் வேலை. இறந்தவனுடைய சொந்தக்காரர் கை மண்வெட்டியில் படக் கூடாது. இழவு வீட்டில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். தானாக எழுந்து போவார்கள். அன்றைக்கு யாரும் எழவில்லை.

"பேக்கி," என்றாள் அட்ராக்டா.

"அந்தக் குடில் வேலையை நம்பி வீட்டுக்குக் கடன் வாங்கியிருக்கேன், அட்ராக்டா. குழி வெட்டினா ஆபீசுக்கு முதல்ல என் பேருதான் போகும்."

"நான் ஒண்ணும் கேக்கலையே. டீ ஆறிடப் போகுதுன்னு சொல்ல வந்தேன்."

கறுப்பு உடையோடு பின்வாசல் வழியாகப் போனாள். காலால் மிதித்து இறக்கும் யூஜீனின் நீளப் பிடி மண்வெட்டியைக் கொட்டகையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். பாதை நெடுகிலும் முள்வேலி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மடத்து வாசலில் ஒரு சுற்றுலாப் பேருந்து நின்றிருந்தது. மழைக்கோட்டுப் போட்டவர்கள் சாவிக்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு அவர்களுக்கு முன்னால் நடந்தாள்.

"இன்னைக்குக் கதை கிடையாது. தள்ளி நில்லுங்க" என்றாள்.

கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, யூனாவின் சின்னக் கல்லுக்கு இடப்பக்கம், மண்வெட்டியை ஊன்றிக் காலால் மிதித்தாள். புல்வேர் விடவில்லை. மறுபடி மிதித்தாள். மூன்றாவது மிதிக்கு மண்வெட்டி இறங்கியது. கருப்பு மண் புல்லோடு புரண்டு விழுந்தது. யாரோ படமெடுத்தார்கள்.

"எடுத்துக்க," என்றாள் நிமிராமல். "என்னைக்கு எடுத்தேன்னு யாராவது கேட்டா ஞாயிற்றுக்கிழமைன்னு சொல்லு."

இரண்டாவது முறை மண்வெட்டியை ஊன்றினபோது பின்னாலிருந்து ஒரு கை பிடியைப் பற்றியது. பேக்கி. மேட்டிலிருந்து ஓடி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"விடு. செத்தவனுக்குப் பொண்டாட்டி குழி வெட்டினாள்னு மூணு தலைமுறைக்குப் பேசுவாங்க. எங்க மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்கறது?"

"உன் வேலை?"

"வேலை கிடக்கட்டும். கோணலா வேற வெட்டி வச்சிருக்க. யூஜீன் பாத்தா அழுவான்."

அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். மாலைக்குள் குழி இடுப்பளவு தாண்டிவிட்டது. முடித்ததும் வழக்கப்படி இரண்டு மண்வெட்டிகளைக் குழியின் மேல் சிலுவையாகப் போட்டுவிட்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை பூசை முடிந்து சவப்பெட்டியைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்து கொண்டுவந்தபோது, மடத்து வாசலில் கோல்கன் நின்றிருந்தான். கூட இரண்டு பேர். ஒருவன் கையில் புதுப் பூட்டு. சுமந்தவர்கள் நின்றார்கள். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"மிஸஸ் பெர்ன், உங்களுக்கே தெரியும். இன்னையிலிருந்து குழி திறக்கக் கூடாது."

"இன்னைக்கு யாரு திறந்தா?" என்றாள் அட்ராக்டா. "அது நேத்தே திறந்தாச்சு. ஒரு பஸ் நிறைய சாட்சி இருக்கு. இன்னைக்கு மூடத்தான் வந்திருக்கோம். மூடக் கூடாதுன்னு உத்தரவுல எங்கயாவது இருக்கா?"

கோல்கன் பேக்கியைப் பார்த்தான். பேக்கி பெட்டிக்கு அடியில் தோளைச் சரிசெய்தான். "நான் சொன்னது உண்மைதானே சார். திங்கட்கிழமையில நாங்க திறக்க மாட்டோம்."

யாரோ சிரித்தார்கள். ஃபாதரே இருமி மறைக்க வேண்டியிருந்தது.

"திறந்த குழியை இப்படியே விட்டுட்டுப் போகணும்னா போறோம்," என்றாள் அவள். "நாளைக்கு வர்ற ஆளுங்க போட்டோ எடுத்துக்கட்டும்."

கோல்கன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினான். பூட்டு வைத்திருந்தவன் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

யூஜீனை மகளுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். மண் விழுந்து முடிகிற வரை அட்ராக்டா அசையாமல் நின்றாள். கூட்டம் கலைந்த பிறகு கோல்கன் தயங்கித் தயங்கி அருகே வந்தான்.

"இதுதான் கடைசி, மிஸஸ் பெர்ன். அதுல எந்த மாற்றமும் இல்ல."

யூனாவின் கல்லுக்கு வலப்பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் புல்வெளி மிச்சமிருந்தது. அட்ராக்டா அதன் மேல் போய் நின்றுகொண்டாள்.

"இது என் இடம் தம்பி. என் சாவுக்கு வந்து தடுக்கறவனும் நீயா இருந்தா, அன்னைக்கும் டீ குடிச்சிட்டுப் போ."