எண்ணாத நான்கு நாட்கள்

அந்த ஆண்டு கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் ஆரோக்கிய அனிதா நாற்பத்து மூன்று பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள். சிதம்பரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு இடம் கொடுங்கள், உதவித்தொகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் எல்லா மடல்களின் சாரமும். கடலூர் முதுநகரிலிருந்து காலை பாசஞ்சரில் போகும்போது ஒவ்வொருவருடைய கட்டுரையையும் கைப்பேசியில் படித்து, அவரவருக்குத் தகுந்தாற்போல் இரண்டு வரி மாற்றி எழுதுவாள். நாற்பது பேர் பதில் போடவில்லை. இருவர் இடமில்லை என்றார்கள். ஒருவர் மட்டும், "களப்பணி செய்த அனுபவம் உண்டா?" என்று கேட்டிருந்தார்.

அனுபவம் இல்லை. அதைத் தேடிப் போனபோதுதான் கிள்ளையில் ஒரு தொண்டு நிறுவனம் சுரபுன்னைக் காட்டில் நண்டு கணக்கெடுக்கத் தன்னார்வலர்களைத் தேடுவது தெரிந்தது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் சனி, ஞாயிறு வரவேண்டும். முடிவில் ஒரு சான்றுக் கடிதம் தருவார்கள்.

அவளுடைய அப்பா மரியலூர்து துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் சோற்றுத்தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"சம்பளம் இல்ல, சாப்பாடு இல்ல, சேத்துல எறங்கி நண்டு எண்ணணும். இதுக்குப் பேரு இன்னா?"

"வாலண்டியர்ப்பா."

"கோயில் திருவிழாவுல வாலண்டியர் நிப்பாங்க. நண்டுக்கு எதுக்கு வாலண்டியரு?"

அம்மா அந்தோணிமேரிக்கு ஞாயிறு பூசை போய்விடுமே என்ற கவலை. சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்விடுகிறேன் என்று அனிதா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அப்பா கடைசியில் ஒரு கெடு வைத்தார்.

"ஏப்ரல் வரைக்கும் பாரு. ஒண்ணும் வரலன்னா சிப்காட்ல ஒரு கம்பெனி லேப்ல ஆள் எடுக்கறாங்க, அங்க எழுதிப் போட்டுரு. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன், நீயும் கேக்கக் கூடாது."

வேலை அவள் நினைத்ததைவிடக் கடினம். ஓதம் வடிந்திருக்கும் நேரத்தில் படகில் போய்ச் சேற்றில் முழங்கால் வரை இறங்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைச் சேற்றின் மேல் வைத்து, அதற்குள் எத்தனை நண்டு வளை இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு கை மட்டும் பெரிதாய் இருக்கும் சின்ன நண்டுகள், ஆள் நிழல் பட்டதும் உள்ளே போய்விடும். அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். இப்படி ஆறு இடங்கள், இடத்துக்குப் பத்துச் சட்டம். படகு ஓட்டியவர் காத்தவராயன், கிள்ளைக்காரர். முதல் வாரம் அவள் சேற்றில் செருப்பைத் தொலைத்தபோது சிரித்தார். மூன்றாவது வாரம் அவள் சொல்லாமலே படகைச் சரியான இடத்தில் நிறுத்தினார்.

பன்னிரண்டு நாட்கள் எண்ணினாள். பிப்ரவரி நடுவில் படகின் எஞ்சின் பழுதாகி, கழற்றிக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். கடைசி இரண்டு வார இறுதியும், மொத்தம் நான்கு நாட்கள், யாரும் காட்டுக்குப் போகவில்லை. அனிதா தன் குறிப்பேட்டில் அந்தத் தேதிகளைப் போட்டு, "படகு இல்லை. எண்ணவில்லை" என்று எழுதி வைத்தாள்.

இதற்கிடையில் மேற்குக் கரையில் ஒரு கடலாய்வு நிலையம் எட்டு வாரக் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. களத்தில் வேலை வாங்கியவரோ பாடம் நடத்துபவரோ கொடுத்த கடிதம் கட்டாயம். கடைசி நாள் பிப்ரவரி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. எல்லாப் பக்கத்தையும் நிரப்பிவிட்டாள். கடிதம் மட்டும்தான் பாக்கி. "வெள்ளிக்கிழமை காலையில வா, கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன்" என்று திட்ட அலுவலர் செந்தமிழ்செல்வன் சொல்லியிருந்தார்.

அவள் பத்து மணிக்கெல்லாம் கிள்ளை அலுவலகத்தில் இருந்தாள். செந்தமிழ்செல்வனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தன்னார்வலர்களுக்குத் தன் கைக்காசில் டீ வாங்கித் தருகிற மனிதர். அன்று முகச்சவரம்கூடச் செய்திருக்கவில்லை. மேசையில் கடிதம் உறையில் போட்டு இருந்தது. அதன் மேல் நான்கு தேதிகளின் கணக்குத் தாள்கள், வெறுமையாக.

"லெட்டர் ரெடி. இந்த நாலு ஷீட்டை மட்டும் நிரப்பிக் குடுத்துட்டு எடுத்துக்க."

"சார், அந்த நாலு நாளும் போகலயே."

"தெரியும்மா. பன்னெண்டு நாள் எண்ணிட்டல்ல? எந்த எடத்துல எவ்ளோ வரும்னு உனக்கே தெரியும். பக்கத்துப் பக்கத்து நம்பரா போட்டுட்டுக் கீழ சைன் பண்ணு. இன்னிக்குச் சாயங்காலம் ரிப்போர்ட் போகணும். பணம் குடுக்கறவங்ககிட்ட பதினாறு நாள்னு ஒத்துக்கிட்டிருக்கோம்."

அவள் உறையைப் பார்த்தாள். தன் பெயர் அதன் மேல் தட்டச்சில் இருந்தது. நாற்பத்து மூன்று மடல்கள், அப்பாவின் ஏப்ரல், மாலை ஐந்து மணி எல்லாம் சேர்ந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தன. பேனாவை எடுத்தாள். மேலே இருந்த தாளில் நாலாம் இடத்து வரிசையில் தொடங்கினாள். அங்கே எப்போதும் முப்பதுக்கு மேல் வரும். 34 என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் 31. அதற்கடுத்து 37. எழுத எழுத, எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அப்போதுதான் காத்தவராயன் எஞ்சின் வந்துவிட்டதைச் சொல்ல உள்ளே வந்தார். அவள் கையில் தாளைப் பார்த்து, "எந்த எடம் பாப்பா?" என்றார்.

"நாலாம் நம்பர் அண்ணே."

"அங்க இப்ப இன்னா இருக்குது எண்ண? போன வாரம் மச்சான் தோணியில வலை போடப் போனேன். மேலண்ட எறா குட்டையில தண்ணிய மாத்திப் பழசை எல்லாம் வாய்க்காலுக்குத் தொறந்து வுட்டிருக்கானுவ. சேறே கறுத்துப் போய்க் கெடக்குது. நண்டு எல்லாம் மல்லாந்து கெடந்திச்சு. நாத்தம் தாங்கல."

அனிதாவின் பேனா 37-இன் மேலேயே நின்றது. செந்தமிழ்செல்வன் கணினியிலிருந்து திரும்பவில்லை. ஆனால் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றுவிட்டது.

காத்தவராயன் போன பிறகு அவள்தான் பேசினாள். "சார், நான் முப்பத்தி நாலுன்னு எழுதியிருக்கேன்."

"அது உன் தப்பு இல்ல. உனக்குத் தெரியாது."

"இப்பத் தெரியும் சார்."

அவர் நாற்காலியைத் திருப்பினார். "இதோ பாரும்மா. மார்ச் முப்பத்தொண்ணோட இந்தத் திட்டம் முடியுது. நீடிக்கணும்னா ரிப்போர்ட் முழுசா இருக்கணும். இந்த ஆபீஸ்ல என்னைச் சேத்து நாலு பேரு. நண்டு செத்தது எனக்கு மட்டும் சந்தோஷமா? அடுத்த வருஷம் திட்டம் இருந்தாத்தான் அதையே எழுத முடியும்."

அவர் சொன்னதில் ஞாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. ஆள் கெட்டவராக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். மூன்று எண்களையும் ஒரே கோட்டால் அடித்தாள். நான்கு தாளிலும் "படகு இல்லை. எண்ணவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தாள்.

செந்தமிழ்செல்வன் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு உறையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"சரி, போயிட்டு வா."

வெளியே வந்தபோது மணி பதினொன்று பத்து. கடிதம் கொடுக்கக்கூடிய இன்னொருவர் யார் என்று யோசித்தாள். துறையில் பேராசிரியர் ஞானாம்பாள். வகுப்பில் கேள்வி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்கிறவர். நேரில் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார் என்று பெயர். வேறு வழியில்லை.

சிதம்பரம் பஸ் ஊர்ந்தது. பன்னிரண்டு மணிக்குத் துறைக்குள் ஓடியபோது அறை பூட்டியிருந்தது. அலுவலக உதவியாளர் கலியமூர்த்தி சாப்பாட்டுக் கூடையைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேடம் கடலூருக்குல்ல போயிருக்காங்க. அங்க ஒரு காலேஜில பிராக்டிகல் எக்ஸாமு. சாயங்காலம்தான் முடியும்."

போன் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கல்லூரியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, காலையில் எந்த ஊரிலிருந்து கிளம்பினாளோ அதே ஊருக்கு மறுபடி பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது, சரக்கு ரயிலின் பெட்டிகளை அவளையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கல்லூரியின் ஆய்வுக்கூட வாசலில் அவளை உள்ளே விடவில்லை. தேர்வு நடக்கிறது. இரண்டு மணி. இரண்டரை. மூன்று. வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தாள். மூன்றே முக்காலுக்கு ஞானாம்பாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"நீ இங்க என்ன பண்றே? உனக்கு எக்ஸாம் இல்லையே?"

அனிதா ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், "மேடம், நான் மூணு நம்பர் எழுதிட்டேன். அப்புறம்தான் அடிச்சேன்" என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அடுத்த நொடியே தோன்றியது.

"உன்னை நான் காட்டுல பார்த்ததே இல்ல. எதை வெச்சு எழுத?"

குறிப்பேட்டை நீட்டினாள். சேறு காய்ந்து ஓரமெல்லாம் மொறமொறப்பாக இருந்தது. ஞானாம்பாள் வராந்தாவின் குட்டைச் சுவரில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கமாக, அவசரமே இல்லாமல். மணி நாலு ஆயிற்று. நாலு பத்து. அனிதாவுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது.

"ஜனவரி பதினெட்டுல மூணாம் எடத்துல ஒன்பது சட்டம்தான் இருக்கு. பத்தாவது?"

"ஓதம் ஏறிடுச்சு மேடம். கீழ எழுதியிருக்கேன்."

எழுதித்தான் இருந்தது. ஞானாம்பாள் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினார். இந்த மாணவியைக் களத்தில் நான் பார்த்ததில்லை. குறிப்பேட்டை முழுதும் படித்தேன். பன்னிரண்டு நாட்கள் எண்ணியிருக்கிறாள். எண்ணாத நான்கு நாட்களை எண்ணவில்லை என்றே எழுதியிருக்கிறாள். அவ்வளவுதான். புகழ்ந்து ஒரு வார்த்தை இல்லை.

"போ, ஓடு. எனக்குப் பசிக்குது."

நின்ற இடத்திலேயே கைப்பேசியில் படம் எடுத்து ஏற்றினாள். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. மறுபடி எடுத்தாள். மறுபடி அதே பதில். நாலு இருபத்தெட்டு. மஞ்சக்குப்பத்தில் ஒரு நெட் சென்டருக்கு ஆட்டோவில் போனாள். உள்ளே ஆதார் திருத்தத்துக்கு எட்டுப் பேர் வரிசை. கடை நடத்தும் மங்கலம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"எத்தினி மணிக்கு மூடறான்?"

"அஞ்சுக்கு அக்கா."

"இப்ப மணி இன்னா?"

"நாலு நாப்பத்திரண்டு."

வரிசையில் நின்றவர்களிடம், "ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க, படிக்கிற புள்ள" என்று சொல்லிவிட்டு, மங்கலம் கடிதத்தை ஸ்கேன் செய்து சுருக்கினார். முதல் முறை திரை வெள்ளையாகி உறைந்தது. பக்கத்தைப் புதுப்பித்தபோது மறுபடி உள்நுழையச் சொன்னது. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். நாலு ஐம்பத்தாறுக்கு, விண்ணப்பம் பெறப்பட்டது என்ற பச்சை எழுத்து வந்தது.

அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஏப்ரல் முதல் வாரம் வருந்துகிறோம் என்று மடல் வந்தது. அப்பாவிடம் தானே போய், கிள்ளையில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னாள். மரியலூர்து ஐஸ் கம்பெனி உடுப்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு கேட்ட நம்பரைப் போட்டுக் குடுத்திருந்தா கெடச்சிருக்குமா?"

"தெரியலப்பா. கெடச்சிருக்கலாம்."

"ம்" என்றார். சிப்காட் பேச்சை அன்று எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

மார்ச் இரண்டாம் வாரமே இன்னொன்று நடந்திருந்தது. ஞானாம்பாள் இரண்டு பாட்டில்களும் ஒரு சட்டமும் கொடுத்து அவளை நாலாம் இடத்துக்கு அனுப்பினார். காத்தவராயன் படகு. பத்துச் சட்டத்திலும் சேர்த்து எண்ணினால் நண்டு உயிரோடிருக்கும் வளை ஐம்பத்தொன்றுதான் இருந்தது. முன்பு இரண்டு சட்டத்திலேயே அதைவிட ஜாஸ்தி வரும். அந்தக் கணக்கைச் செந்தமிழ்செல்வனுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். பதில் எதிர்பார்க்கவில்லை. நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அறிக்கையில் அந்த நான்கு நாளையும் வெறுமையாகவே விட்டு அனுப்பியதாகவும், புதுக் கணக்கை இப்போது தனியாகப் பின்னிணைப்பாக அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்.

"அன்னிக்குக் கோவத்துல வெச்சுட்டேம்மா. லெட்டரை ஸ்கேன் பண்ணி அனுப்பறேன். தேதி இன்னிக்குத் தேதிதான் போட்டிருக்கேன்."

திட்டம் நீடிக்கவில்லை. அவர் இப்போது புதுச்சேரியில் ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறார். அந்தக் கடிதத்தை வைத்து அனிதா ஆந்திரக் கரையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்துக்கு எழுதினாள். மே, ஜூன் ஆறு வாரம் வரச் சொன்னார்கள். மரியலூர்து ரயில் ஏற்றிவிட வந்தார். பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் யாரும் கேட்காமலே, "ரிசர்ச்சுக்குப் போறா" என்றார்.

இப்போது அவள் இரண்டாம் ஆண்டு. துறையில் பயிற்சி தேடும் ஜூனியர்கள் மதியம் அவளிடம்தான் வருகிறார்கள். எந்த இடம் பதில் போடும், எது போடாது, எங்கே எப்போது விண்ணப்பம் திறக்கும், தன்னார்வலராகப் போனால் எங்கே உண்மையில் வேலை கற்றுக்கொடுப்பார்கள், எங்கே வெறும் புகைப்படம்தான் எடுப்பார்கள் என்று எல்லாம் ஒரு பட்டியலாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். இந்த ஆண்டு ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. மற்ற ஆறு பேரோடு உட்கார்ந்து மடல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.