சங்குச் சத்தத்தில் திறந்த வழி

எங்கள் தெருவில் எஸ்தர் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். பயந்தாங்கொள்ளி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபையார் அறிய எழுதிக் கொடு என்று பாஸ்டர் ஐயா சொன்னபோதும் என்னால் ஆகாது ஐயா என்றுதான் முதலில் சொன்னேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் சாமுவேல் பாதையோரம் இளநீர் வெட்டி விற்கிறார். மற்ற நாளில் வியாபாரம் கம்மி. பௌர்ணமி வந்தால் இரண்டு பேருக்கும் உட்கார நேரம் இருக்காது. ஒரே மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் போனை எடுக்கத் தாமதமானால் போதும், என் மனசு எங்கெங்கோ போய்விடும். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி ஆராதனையில் எழுந்து ஓடி வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் இரண்டு முறை சேர்ந்தாற்போல் இருமினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போய்விடுவேன்.

எல்லாவற்றையும்விடச் சங்குச் சத்தம்தான் எனக்குப் பெரிய பயம். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் சங்கு ஊதுவார்கள். பாதையில் நடந்துபோகும் சிவனடியார்களும் ஊதுவார்கள். யார் ஊதினாலும் எனக்குப் பாடைதான் கண்ணில் நிற்கும். காதைப் பொத்திக்கொள்வேன். பக்கத்து வீட்டுக் கமலாக்கா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி காதப் பொத்திக்கினு நில்லு. யாவாரத்த யாரு பாக்கறது? பயப்படறதுக்கு உனக்கு இன்னா சம்பளமா குடுக்கறாங்க?"

இப்படி இருந்தவளுக்குப் போன வருஷம் புதுவருஷ ஆராதனையில் ஒரு வாக்குத்தத்த அட்டை வந்தது. உங்களுக்குத் தெரியும், கூடையில் கைவிட்டு ஆளுக்கொரு அட்டை எடுப்போம். அதில் உள்ள வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வார்த்தை. முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் ஆசீர்வாதம், சமாதானம் என்று வந்தது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். என் அட்டையில் முதலில் கண்ணில் பட்ட சொல்லே மரணம்.

அதற்கப்புறம் இருந்த எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லைத் தாண்டி என் கண் போகவே இல்லை. பாஸ்டரம்மாவிடம் மெதுவாகப் போய் நின்றேன்.

"அம்மா, வேற ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"இது இன்னா லாட்டரிச் சீட்டா எஸ்தர், மாத்திக்கிறதுக்கு? நல்ல வசனம்மா. முழுசா படி."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரரோ "நல்லாத்தானே இருக்குது" என்று அதைச் சுவரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து நான் கண்ணாடியைச் சரியாகப் பார்த்துத் தலை வாரியதில்லை. இந்த வருஷம் நம் வீட்டில் ஒரு சாவு உண்டு என்று மனசு முடிவு செய்துவிட்டது. அது அவர்தான் என்றும் முடிவு செய்துவிட்டது. வண்டியை எடுக்காதீங்க என்பேன். வெயிலில் நிக்காதீங்க என்பேன். காலையில் எழுந்ததும் என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். "இன்னிக்கு வேணாம் ஆண்டவரே." அவ்வளவுதான். அடுத்த நாளும் அதேதான்.

சபையில் மற்றவர்கள் சாட்சி சொல்வார்கள். கொஞ்சமும் பயப்படவில்லை, விசுவாசத்தோடு நின்றேன், ஆண்டவர் செய்தார் என்பார்கள். எனக்கு அழுகை வரும். அப்படியென்றால் பயப்படுகிறவளுடைய ஜெபம் என்ன ஆகும்? என் ஜெபம் எங்கள் வீட்டு ஷீட்டுக் கூரையில் முட்டிக் கீழேதான் விழும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மாசம் பௌர்ணமி வந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பாதையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் ஆகும்போது ஜனம் ஆறு மாதிரி ஓட ஆரம்பித்தது. கடையில் காய் தீர்ந்துபோய், வீட்டுக்காரர் பின்பக்கம் குவித்து வைத்திருந்த இளநீரை எடுக்கப் போனார். மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். அவர் தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டார்.

"எஸ்தரு" என்று ஒரு சத்தம். ஓடினேன். கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ரத்தம். மட்டைகளுக்கு நடுவே ஒரு வால் மட்டும் உள்ளே போவதைப் பார்த்தேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனசு சொன்ன ஒரே வார்த்தை, வந்துடுச்சு. ஜனவரியிலிருந்து எதிர்பார்த்தது வந்துடுச்சு.

கமலாக்கா போட்ட கூச்சலில் தெருவே கூடியது. யாரோ கயிறு எடுத்து வந்தார்கள். எங்கள் சந்தில் இருக்கும் ஆட்டோக்கார பாபு அதைப் பிடுங்கி எறிந்தான். "கட்டெல்லாம் கட்டக் கூடாது. கைய ஆட்டாம வச்சிக்க சொல்லுங்க. நடக்க வுடாதீங்க." ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். கூட்டம் ஜாஸ்தி, பெரிய ரோடு வரைக்கும் எப்படியாவது கொண்டு வந்துவிடுங்கள், வண்டி அங்கே நிற்கும் என்றார்கள்.

பாபு நெற்றி நிறைய விபூதியோடு, குளித்து முடித்துக் கிரிவலம் கிளம்ப நின்றவன். சட்டையைக்கூட மாற்றவில்லை. ஆட்டோவை வெளியே தள்ளினான்.

"பாதையில வண்டி வுட மாட்டாங்களேடா" என்றாள் கமலாக்கா.

"புடிச்சி கேஸ் போடட்டும். எஸ்தரக்கா, நீ ஏறு."

சந்து முனைக்கு வந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் வெறும் தலைகள். அத்தனை பேரும் எங்களுக்கு எதிராக வருகிறார்கள். பாபு ஹாரனை விடாமல் அடித்தான். பாட்டும் மேளமும் மைக் சத்தமுமாக இருந்த இடத்தில் அது யாருக்குக் கேட்கும்? கேட்டவர்களும் விலக இடமில்லை. என் மடியில் அவர் தலை. "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார். கொஞ்ச நேரத்தில் இமையைத் தூக்க முடியவில்லை. அவர் தூக்கப் பார்க்கிறார், அது தானாக மூடுகிறது. பேச்சு குழறியது.

சகோதரர்களே, அப்போதாவது நான் ஜெபித்திருப்பேன் என்று நினைப்பீர்கள். ஜெபம் வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் சொன்னது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே சங்கு ஊதியது.

என் உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். காதைப் பொத்த முடியவில்லை. இரண்டு கையும் அவரைப் பிடித்திருந்தன. முடிந்தது, இவர் சாவுக்குத்தான் ஊதுகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆட்டோ நகர்ந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தேன். ருத்ராட்சம் போட்ட ஒரு பெரியவர், இடுப்பில் காவித்துண்டு, வெறுங்கால். எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் ஓடுகிறார். ஓடிக்கொண்டே சங்கை ஊதுகிறார். சங்குக்கு ஜனம் திரும்பிப் பார்த்தது. பார்த்தவர்கள் ஒதுங்கினார்கள். "பாம்பு கட்சிட்சி, வழி வுடுங்க! வழி வுடுங்க!" என்று இரண்டு பக்கமும் வாலிபர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். பெண்கள் கையோடு கை கோத்து வேலி மாதிரி நின்று கூட்டத்தைத் தள்ளிப் பிடித்தார்கள். மூச்சு வாங்கும்போது பெரியவர் சங்கை இறக்குவார், கூட்டம் மூடும். திரும்பவும் ஊதுவார், திறக்கும்.

என் மடியில் கிடந்தவரின் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன். "பயமாருக்குது" என்றார். என் வீட்டுக்காரர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"நான் கூட இருக்கேன். பயப்படாதீங்க. நான் கூட இருக்கேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என் பல் கிடுகிடு என்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னேன்.

பெரிய ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அவரை மாற்றினோம். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெரியவர் ரோட்டோரம் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கும்பிடக்கூட எனக்கு நேரமில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உடனே விஷமுறிவு ஊசி போட்டார்கள். தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் வழியிலேயே மூச்சு நின்றிருக்கும், இப்போதும் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மகள் வந்தாள். சபையார் வந்து வெளியே நின்று ஜெபித்தார்கள். கமலாக்கா கஞ்சி கொண்டு வந்தாள். "உங்க சாமிகிட்ட நானும் சொல்லிட்டேன். புது ஆளு சொன்னா சீக்கிரம் கேப்பாராம். குடி" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

சில நாளில் இமை திறந்தது. குழாயை எடுத்தார்கள். அவர் பேசிய முதல் வார்த்தை, "கடைய யாரு பாத்துக்கறா?" அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டோவுல கண்ணு தெரியல. ஒண்ணும் தெரியல. நீ சொன்னது மட்டும் கேட்டுக்கினே இருந்துது. அதப் புடிச்சிக்கினுதான் கெடந்தேன்."

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அந்த அட்டைக்கு முன்னால் போய் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. விரலை வைத்து எழுத்துக்கூட்டி, மரணம் என்ற சொல்லைத் தாண்டிப் படித்தேன். மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நடக்க வேண்டி வந்தாலும் நான் பயப்பட மாட்டேன் என்று இருந்தது. ஏனென்றால் நீர் என்னோடு கூட இருக்கிறீர் என்று முடிந்தது.

நான் கூட இருக்கேன், பயப்படாதீங்க. நான் அவரிடம் சொன்னது. அதை ஆண்டவர் எனக்குப் பத்து மாசமாகச் சுவரில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பல் கிடுகிடுத்த என் குரலையே ஒரு மனுஷன் பிடித்துக்கொண்டு பிழைத்தான் என்றால், நடுங்காத குரல் ஒன்று எனக்காக இருக்கிறதே என்று அங்கேயே முழங்காலில் விழுந்து அழுதேன்.

இன்று அவர் கடையில் நிற்கிறார். அந்தக் கையில் பிடி கொஞ்சம் கம்மி, காயை நான்தான் வெட்டிக் கொடுக்கிறேன். தார்ப்பாயைக் கழியால் தட்டாமல் தூக்குவதில்லை. என் பயம் போய்விட்டதா என்றால் இல்லை. மகள் போனை எடுக்காவிட்டால் இன்றும் கலங்குகிறேன். ஆனால் காலை ஜெபம் மாறிவிட்டது. "இன்னிக்கும் கூட இருங்க ஆண்டவரே" என்கிறேன்.

பயத்தோடு இதைப் படிக்கிற சகோதரி, பயம் தீர்ந்தபிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதே. பயந்துகொண்டே கூப்பிடு. ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வந்தாலும் கூப்பிடு. நம் விசுவாசத்தை எடை போட்டு அவர் உதவுவதில்லை. கிருபை என்றால் அதுதான் என்று எனக்குப் புரிந்தது.

அந்தப் பெரியவர் எந்த ஊர் என்று தெரியாது. பாபுவுக்கும் தெரியவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நல்ல காயாக ஒன்றைத் தனியே எடுத்து வைக்கிறேன். பாதையில் சங்குச் சத்தம் கேட்டால் இப்போது நான் காதைப் பொத்துவதில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவர்தானா என்று எட்டிப் பார்க்கிறேன்.